ஐடிலிங் நிற்காத வண்டியும் கணக்கில் வராத காற்றும்

பனியன் நகரத்தில் பேச எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைந்துபோகிற ஒரு மொபெட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். திருப்பூர்த் தொழில் நடக்கும் விதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. இங்கே ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழே பிறப்பதில்லை. நிட்டிங் ஒரு தெருவில், சாயப்பட்டறை இன்னொரு பக்கத்தில், காம்பாக்டிங் வேறோர் இடத்தில். பிறகு கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. அந்தச் சரக்கில் எவ்வளவோ பங்கு, ஏதாவது ஒரு கட்டத்தில், மூட்டையாகக் கட்டப்பட்டு ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் முன்னும் பின்னும் ஏறிப் போயிருக்கும். அந்த வண்டி பல்லடம் சாலைச் சிக்னலில் அணைந்து நின்றால், பின்னால் வருகிறவர் அடிக்கும் ஹாரனோடு விஷயம் முடிவதில்லை. அங்கே ஒரு பவர் டேபிள் பீஸுக்காகக் காத்துக் கிடக்கும்.

இந்தக் கோளாறை நம் ஊரில் எப்படிச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘ஐடிலிங் நிக்கல’, ‘தானா ரேஸ் ஏறி இறங்குது’, ‘ஒரே சீரா ஓட்டினா விக்குது’, ‘சூடானா ஆஃப் ஆயிடுது’. நான்கும் நான்கு வெவ்வேறு புகார்கள். மெக்கானிக் கடையில் நான்குக்கும் பெரும்பாலும் கிடைப்பது ஒரே வைத்தியம்: ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஐடிலிங் திருகை ஒரு சுற்று உள்ளே, ஏர் திருகை அரைச் சுற்று இப்படியோ அப்படியோ. வண்டி நிற்காமல் ஓடும். ‘டியூனிங் பண்ணியாச்சு.’ என் வாதம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஏறி இறங்குவதும் அணைவதும் பெரும்பாலும் டியூனிங் கெட்டதால் வருவதில்லை. இன்ஜினுக்குள் கணக்கில் வராத காற்று நுழைவதாலோ, வரவேண்டிய பெட்ரோல் வராமல் போவதாலோ, பொறி சரியாக விழாததாலோ வருகிறது. அந்த மூன்றையும் பார்த்து முடிக்கும்வரை திருகைத் தொடுவது பழுதுபார்ப்பு ஆகாது; பழுதை மூடிவைப்பதாகும்.

இதற்கு ஆதாரம் எளிய கணக்கில் இருக்கிறது. 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒன்று ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 1,400 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அது மூச்சு இழுக்கும். அதாவது நிமிடத்துக்கு 700 முறை. சிலிண்டர் முழுக்க நிறைந்தால் 70 லிட்டர் காற்று. ஆனால் த்ராட்டில் மூடியிருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனாலே அதிகம். இருபது லிட்டரை ஒட்டித்தான் வரும். இப்போது கார்பரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் மேனிஃபோல்ட் ரப்பரில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்து, அதன் வழியே நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் காற்று கூடுதலாக நுழைந்தால், கலவையில் காற்று பத்து சதவீதம் கூடிவிட்டது. கார்பரேட்டருக்கு அந்தக் காற்று போனதே தெரியாது. அதற்கென்று பெட்ரோல் எதுவும் அனுப்பாது. ஆனால் அதே வண்டி 5,000 சுற்றில், த்ராட்டிலை நன்றாகத் திறந்து, காங்கேயம் சாலையில் பறக்கும்போது நிமிடத்துக்கு இருநூறு லிட்டருக்கு மேல் இழுக்கிறது. உள்ளே வெற்றிடமும் குறைந்துவிடுவதால் வெடிப்பின் வழியே நுழைவது இன்னும் சுருங்கும். அந்தத் திருட்டுக் காற்று அப்போது ஒரு பொருட்டே இல்லை. ‘ஓட்டும்போது நல்லாத்தான் இருக்கு, நிறுத்தினாத்தான் தகராறு’ என்று வண்டிக்காரர் சொல்வதன் பொருள் இதுதான். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி நோயறிதல் இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

அது ஏன் ஒரேயடியாக அணைந்துவிடாமல் ஏறி இறங்குகிறது? பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரியும். சில முறை எரியாமலே போகும். வேகம் விழும். வேகம் விழுந்தால் உள்ளிருக்கும் வெற்றிடம் தளர்கிறது, வெடிப்பு வழியே வரும் காற்று குறைகிறது, கலவை தேறுகிறது, வேகம் ஏறுகிறது. ஏறியதும் மறுபடி பழைய கதை. தன்னைத் தானே திருத்திக்கொள்ள முயலும் எந்த அமைப்பிலும், திருத்தம் சற்றுத் தாமதமாகவோ சற்று அதிகமாகவோ வந்தால் இந்த ஊசலாட்டம் பிறக்கும். 19ஆம் நூற்றாண்டின் நீராவி இயந்திரங்களில் இதே தொல்லை இருந்தது. வேகத்தைச் சீராக்க வைத்த கவர்னரே சில இயந்திரங்களில் வேகத்தை ஏற்றி இறக்கிக் கொண்டிருந்தது. 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரை ஒன்றில், எந்த நிலையில் இந்த அசைவு அடங்கும், எந்த நிலையில் வளரும் என்று கணிதமாகவே எழுதிக் காட்டினார். மின்காந்தவியலுக்குப் பெயர்போன அதே மேக்ஸ்வெல்தான். கட்டுப்பாட்டுப் பொறியியல் என்ற துறை முழுவதும் அந்தக் கட்டுரையைத் தன் முன்னோடியாகச் சொல்லிக்கொள்கிறது. நமக்குத் தேவையானது இவ்வளவே: ஊசலாட்டம் என்பது அமைப்பு எதையோ துரத்திக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். எதைத் துரத்துகிறது என்று பார்க்காமல் சராசரி வேகத்தை மட்டும் உயர்த்தி வைத்தால், துரத்தல் நிற்பதில்லை; காதுக்குக் கேட்பது குறைகிறது.

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. நிட்டிங் மெஷினில் ஃபீடருக்கு வரும் நூலின் இழுவை ஏறி இறங்கினால் துணியில் பட்டை விழும். அந்தப் பட்டையை அயர்னிங் டேபிளில் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று எந்த ஃபிட்டரும் சொல்ல மாட்டார். ஃபீடரைத்தான் போய்ப் பார்ப்பார். துணிக்குக் காட்டும் இந்த ஒழுக்கத்தை வண்டிக்கு மட்டும் ஏன் காட்டுவதில்லை என்பதுதான் என் கேள்வி.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் காலம் இதற்குக் கடுமையான பாடம் நடத்தியது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. பின்னர் எக்ஸ்.எல். வகைகள் வந்தன. 2015இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வரும்வரை சுமை தூக்கியதெல்லாம் ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடிய இன்ஜின்தான். கொங்கு நாட்டில் இன்றும் மவுசு குறையாத ஆர்.எக்ஸ். 100ம் இரண்டு ஸ்ட்ரோக்தான். அந்த இன்ஜின்களில் கிராங்கின் ஓரத்து ஆயில் சீல் தேய்ந்தால் காற்று அந்த வழியே நுழையும். த்ராட்டிலை விட்டாலும் ரேஸ் இறங்காது. சில நேரம் தானே ஏறும். ஐடிலிங் திருகைத் தளர்த்தினால் ரேஸ் இறங்கிவிடும், வண்டிக்காரரும் திருப்தியோடு போய்விடுவார். ஆனால் மொபெட் இன்ஜினில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. கலவையில் காற்று கூடினால் சூடு கூடுகிறது; அந்தச் சூட்டைத் தாங்க வேண்டிய ஆயிலும் போதாமல் போகிறது. ஒரு நாள் ஏற்றத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சீல் மாற்றும் செலவு எங்கே, பிளாக்கை போர் செய்து பிஸ்டன் மாற்றும் செலவு எங்கே.

சரி, தேடுவது எப்படி? விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இன்ஜின் சூடான பிறகு, ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். வண்டி அமைதியானால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று மிகுதி. மேலும் திணறினால் அந்த வழியை விட்டுவிடலாம். மேனிஃபோல்ட் ரப்பரின் இணைப்பில் கார்பரேட்டர் கிளீனரைச் சிறிதளவு, சைலன்ஸர் பக்கம் படாமல், பீய்ச்சினால் ரேஸ் மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் ஓட்டை அங்கேதான். ஹேண்டில் பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பும்போது ரேஸ் ஏறினால், கேபிள் இழுபடுகிறது. கார்பரேட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான்கைந்து கிலோமீட்டர் ஓடியதும் அணைந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று இழுத்துக்கொண்டு வண்டி மறுபடி ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சூடானால் மட்டும் அணைந்து, ஆறினால் கிளம்பும் வண்டிக்கு டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள். வால்வு தன் இருக்கையில் தேய்ந்து இறங்க இறங்க இடைவெளி குறைந்து, சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் போகும். சுவிட்சைப் போட்டு அணைத்தாற்போல் சட்டென்று அணைந்தால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்: பிளக் கேப், இக்னிஷன் சுவிட்ச், புது வண்டியானால் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். இழுத்து இழுத்து உயிர் போனால் பெட்ரோல். அணைகிற விதமே ஒரு சாட்சி.

இவ்வளவும் பார்த்த பிறகு திருகுக்கு வரலாம். அங்கும் ஓர் ஆபத்து. கலவைத் திருகு எல்லாக் கார்பரேட்டரிலும் ஒரே வேலை செய்வதில்லை. ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் திருகு காற்றை அளக்கிறது. அதை வெளியே திருப்பினால் பெட்ரோல் விகிதம் குறையும். இன்ஜின் பக்கம் இருக்கும் திருகு கலவையை அளக்கிறது. அதை வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஒரே கை அசைவு, நேர் எதிர் விளைவு. தொடுவதற்கு முன் திருகை மெதுவாக உள்ளே கடைசிவரை திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டால், தவறினாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம். பெரும்பாலும் யாரும் குறிப்பதில்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு வில்லன் பஞ்சுத் தூசி. நிட்டிங், கட்டிங் நடக்கும் இடங்களின் வாசலில் நாளெல்லாம் நிற்கும் வண்டியின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், ஃபில்டரின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய மெத்தை படிந்திருக்கும். விரல் நகத்தால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் துணியைப் போலவே உரிந்து வரும். அதன் வழியே காற்று திணறுவதால் சுமையோடு போகும்போது கலவையில் பெட்ரோல் மிகும், பிளக் கறுக்கும், இழுவை போகும். இந்நிலையில் ஃபில்டரைப் பார்க்காத மெக்கானிக், கார்பரேட்டர் நீடிலின் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றி நீடிலை இறக்கிவிடுவார். பெட்ரோல் குறைகிறது, வண்டி ஓடுகிறது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் புது ஃபில்டர் போடுகிறார். காற்று தாராளமாக வருகிறது, ஆனால் பெட்ரோல் குறைத்து வைத்தபடியே இருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது வண்டி விக்கத் தொடங்குகிறது. ‘புது ஃபில்டர் போட்டதிலிருந்துதான் வண்டி சரியில்லை’ என்று பழி நல்ல ஃபில்டரின் மேல் விழுகிறது. ஒரு பழுதை இன்னொரு மாறுதலால் ஈடுகட்டினால் நடப்பது இதுதான்: முதல் பழுது நீங்கும்போது ஈடுகட்டியதே பழுதாகிவிடும்.

ஃபில்டரைத் துடைப்பதிலும் கவனம் வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவி, உலர்த்தி, லேசாக ஆயில் பிழிந்து போடலாம். ஆயில் ஊறிய காகித ஃபில்டரை ஏர் கன்னால் ஊதக்கூடாது, கெட்டால் மாற்றத்தான் வேண்டும். பவர் டேபிளில் ஏர் கன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் ஊதிவிடும் சபலம் இங்கே அதிகம். ஜெட் அடைப்புக்கு பிரேக் கேபிளின் ஒற்றைக் கம்பியை விட்டுக் குத்துவதும் அப்படித்தான். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 0.35 மில்லிமீட்டர்த் துளை 0.40 ஆகத் தேய்ந்தால், பரப்பு முப்பது சதவீதம் பெருகிவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழையை எந்தத் திருகாலும் முழுதாகச் சரிக்கட்ட முடியாது.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு நியாயமானது: பீஸ் கணக்கில் சம்பாதிக்கிறவருக்கு அரை நாள் வண்டியை விட்டுவிட நேரமில்லை, மெக்கானிக்குக்கும் நோயறிதலுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, ஸ்பேர் பார்ட்ஸ் மாற்றினால்தான் காசு. இரண்டு நிமிடத்தில் திருகி அனுப்புவது இருவருக்கும் வசதி. ஆனால் அந்த வசதியின் விலையைப் பாருங்கள். எக்ஸ்.எல். வண்டிக்குக் கியர் கிடையாது, சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச். ரேஸ் ஒரு அளவைத் தாண்டினால் கிளட்ச் தானாகப் பிடிக்கும். அணையாமல் இருப்பதற்காக ஐடிலிங்கைத் தூக்கி வைத்தால், சிக்னலில் நிற்கும்போதும் கிளட்ச் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு வண்டி முன்னே ஊர்கிறது. முன்னும் பின்னும் துணி மூட்டை. கால் ஊன்றவே இடம் குறைவு. பிரேக்கை அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். கிளட்ச் ஷூ தேய்கிறது, பெட்ரோல் வீணாகிறது, கொஞ்சம் கை தளர்ந்தால் முன்னால் நிற்கும் வண்டியில் இடிக்கிறது. நான் மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை பத்துப் பதினைந்து நிமிட வேலை. நோயறிதலுக்குத் தனிக் கூலி கேட்க மெக்கானிக்குக்கு உரிமை உண்டு என்பதையும், கொடுக்க நமக்குக் கடமை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இன்று ஊரெங்கும் கேட்பது: எல்லாம் எத்தனால் பெட்ரோலால் வந்த வினை. இதில் பாதி உண்மை. நாடு 2022இல் பத்து சதவீதக் கலப்பை எட்டியது. இருபது சதவீதம் கலந்த இ20 விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கி, இப்போது அதுவே வழக்கமான பெட்ரோல் ஆகிவிட்டது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்; இ20க்கு சுமார் 13.5 போதும். கார்பரேட்டருக்கு இந்த வேறுபாடு தெரியாது, பழைய அளவிலேயே ஊற்றும். ஆகவே கலவை ஏழெட்டு சதவீதம் காற்றுப் பக்கம் சாய்கிறது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையே பழைய வடிவமைப்பு இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று ஒப்புக்கொள்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய டேங்கில் ஒட்டியிருந்த பிசினைக் கரைத்து ஜெட்டுக்கு அனுப்பும். பழைய ரப்பரை உப்ப வைக்கும். இவ்வளவும் சரி. ஆனால் ஒரே பங்க்கில் ஒரே பெட்ரோல் போட்ட நூறு பழைய வண்டிகளில் ஏன் சில மட்டும் ஏறி இறங்குகின்றன? ஏற்கெனவே மேனிஃபோல்ட் வெடித்து, ஜெட் பாதி அடைத்து, விளிம்பில் நின்ற வண்டியை எத்தனால் தள்ளிவிட்டது. சந்தேகமிருந்தால் ஃப்ளோட் பவுலின் வடிகால் திருகைத் தளர்த்தி, பெட்ரோலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியில் தனிப் படலமாகப் பிரிந்து நின்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, டேங்கைக் கழுவுங்கள். பிரியவில்லை, வேறெந்தக் குறையும் இல்லை என்றால், கலவையைச் சற்றுப் பெட்ரோல் பக்கம் திருப்பி வைப்பது முழுக்க நியாயம். டியூனிங் என்ற சொல்லுக்குரிய வேலை அதுதான்.

மூன்றாவது மறுப்பு: இதெல்லாம் பழங்கதை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி வந்து, எக்ஸ்.எல். 100கூட ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டது. சென்சார் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், ஸ்கேனர் சொல்லிவிடும். ஆனால் வண்டியின் கணிப்பொறி தன் சென்சார் சொல்வதை மட்டுமே அறியும். த்ராட்டில் பாடியில் கரி படிந்தாலும், அதன் கீழே காற்று கசிந்தாலும், அளவுகள் எல்லைக்குள் இருக்கும்வரை எச்சரிக்கை விளக்கு எரியாது. கணிப்பொறி ஈடுகட்ட முயன்று ஊசலாடும். மேக்ஸ்வெல்லின் கவர்னர் வேறு உடையில் வந்திருக்கிறது, அவ்வளவே. இங்கும் திருகு உண்டு: த்ராட்டில் தட்டின் நிறுத்துத் திருகு. தொடக்கூடாது என்பதற்காகவே கம்பெனியில் பெயின்ட் தொட்டு அனுப்புகிறார்கள். அதைத் திருப்பினால் த்ராட்டில் மூடியிருக்கும் நிலை எது என்பதே கணிப்பொறிக்குக் குழம்பிவிடும். இன்னொன்று, பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் குளிர்ச்சியாக இருக்கும். ஐம்பது, நூறு ரூபாய்க்குப் போட்டு எப்போதும் அடிமட்டத்திலேயே ஓட்டினால் பம்ப் சூடாகிச் சீக்கிரம் தளரும். சுமையில் வண்டி திணறி அணையும். குறை கம்பெனியிலிருந்தே வருவதும் உண்டு. சென்னை ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2021 மே மாதத்தில் சுமார் 2,37,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் காயிலில் குறை; மிஸ்ஸிங் வரலாம், இழுவை குறையலாம் என்று அவர்களே அறிவித்தார்கள். அந்த வண்டிகளில் எந்தத் திருகை எவ்வளவு திருகியிருந்தாலும் என்ன பயன்?

புகைச் சான்றிதழை நம்பியும் இருக்க வேண்டாம். காற்று மிகுந்து ஏறி இறங்கும் வண்டியில் கார்பன் மோனாக்சைடு குறைவாகவே வரும், 3.5 சதவீத வரம்பு உள்ள பழைய வண்டி அந்த அளவில் சுலபமாகத் தேறிவிடும். ஆனால் கார்பன் மோனாக்சைடு அளவைச் சான்றிதழிலிருந்து படித்து வைத்துக்கொண்டால், கலவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மெக்கானிக்குக்கு ஒரு தடயம் கிடைக்கும்.

கம்பெனி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் பத்து எக்ஸ்.எல். ஓடினால் பத்துக்கும் ஒரு நோட்டு போடுங்கள்: ஃபில்டர் மாற்றிய தேதி, டேப்பெட் பார்த்த தேதி, திருகு எத்தனை சுற்றில் இருக்கிறது என்ற எண். வண்டி ஓட்டும் தம்பிகள் கடைக்குப் போனால் ‘டியூனிங் பண்ணுங்க’ என்று சொல்ல வேண்டாம். எப்போது அணைகிறது, சூட்டிலா குளிரிலா, சட்டென்றா இழுத்து இழுத்தா என்று சொல்லுங்கள். மெக்கானிக் நண்பர்கள் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் அதைக் கேளுங்கள். இன்று மாலை ஷிப்ட் முடிந்ததும் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.